முகம் தெரியாத படம்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், அட்டைகளில் முட்டை சரியாக நிரம்புகிறதா என்று பார்க்க, தூரத்தை அளந்து படமாக்கும் டெப்த் கேமரா மாட்டினேன். எதிரே நின்று முட்டை அடுக்கும் சரோஜாக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, இது எங்களத்தான பாக்குது?"

நான் கேமராவை இயக்கும் கம்ப்யூட்டர் நிரலில் வண்ணப்படம் வருவதை நிறுத்தி, தூரத்தைக் காட்டும் படத்தை மட்டும் ஓடவிட்டேன். திரையில் ஆட்களெல்லாம் முகமில்லாத நீல உருவங்கள் ஆனார்கள்.

"பாருங்கக்கா, யாருன்னே தெரியாது."

அவர் நம்பவில்லை. ஆனாலும் வேலைக்குத் திரும்பினார்.

சற்று நேரத்தில் முதலாளி வந்து திரையைப் பார்த்தார். "அது சரோஜாதானுங்க. இடுப்புல கைய வெச்சு நிக்கறதப் பாத்தாலே தெரியுது. எத்தன நேரமா நிக்கறான்னு இது சொல்லுமுங்களா தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் போனதும், முட்டை அட்டைக்கு அப்பால் இருக்கும் எதுவும் தெரியாதபடி தூர வரம்பைக் குறைத்தேன்.

மறுநாள், "ஆளுங்களக் காணோமே?" என்றார் முதலாளி.

"முட்டைக்குன்னு சரிபண்ணியாச்சுங்க, இனி இதுக்கு அவ்வளவு தூரந்தாங்க எட்டும்" என்றேன்.

சரோஜாக்கா இன்றைக்கும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் அதன் எதிரே நிற்கிறார். நம்புங்கள் என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை. அந்த வரம்பை மறுபடி கூட்ட நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும்.