முழங்காலுக்கு ஒரு சாட்சி

டாக்டரைக் கண்டால் என் வலது முழங்கால் வலிக்காது. அறந்தாங்கியில் பஸ் ஏறும்போது நொண்டுவேன். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் குமரிப்பெண் ஆகிவிடுவேன். உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வார்கள். ஒரு முனகல்கூட இல்லாமல் உட்கார்ந்து எழுவேன். எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு தைலத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கோகோ சொல்லிக் கொடுக்கிறவள். "கால் வலிக்குது மிஸ்" என்று வந்த பிள்ளைகளையெல்லாம் இருபது வருடமாக, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு, சரியாகிவிடும் என்று விரட்டியவள். அதனால் நான் மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது பள்ளியில் யாரும் நம்பாததில் ஒரு நியாயம் இருந்தது. வீட்டுக்காரரும் நம்பவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவர் துபாயில் டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் இருக்கிறார். வீடியோ காலில் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினேன்.

"எலும்பு எல்லாம் நல்லாத்தான இருக்கு. வயசாகுதுல்ல, அப்புடித்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. அன்றிலிருந்து வலி போகாவிட்டாலும் பரவாயில்லை, அது இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது.

திருச்சியில் ஒரு டாக்டர்தான் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது என்று சொன்னார். எலும்பு எலும்போடு உரசாமல் நடுவில் மெத்தையாக இருப்பது அதுதான். தேய ஆரம்பிப்பதற்கு முன்பே அதற்குள் தண்ணீர் கூடிவிடுமாம். அதை இடம் இடமாக அளந்து, நல்ல இடத்துக்கு ஒரு நிறம், கெட்டுவருகிற இடத்துக்கு ஒரு நிறம் என்று படமாகவே கொடுக்கிற எம்.ஆர்.ஐ. ஒன்று உண்டாம். நிறத்தோடு சாட்சி கிடைக்கும் என்றால் விடுவேனா? அன்றைக்கே நாள் குறித்துக்கொண்டு வந்தேன். வருகிற அன்று அதிகம் நடக்கக் கூடாது, ஸ்கேனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இங்கேதான் என் மூளை அளவுக்கு மீறி வேலை செய்தது. ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் வருகிறது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் முன்னால் அது சமர்த்தாக ஓடும். அதனால் கடைக்குப் போகுமுன் நாலு தெரு சுற்றி வண்டியைச் சூடாக்கிக்கொள்வது என் வழக்கம். முழங்காலுக்கும் அதையே செய்வது என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறவளை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐம்பத்து நாலு போட்டேன். பூ விற்கிற அம்மா உருகிப்போய், உள்ளே யாருக்கு ஆபரேஷன் என்று விசாரித்தார். எண்ணிக்கை தப்பிவிடும் என்று நான் பதில் சொல்லவில்லை. முடிக்கும்போது முழங்கால் அருமையாக வலித்தது.

ஸ்கேன் எடுக்கிற பெண், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களா என்று கேட்டார். கூசாமல் ஆமாம் என்றேன்.

"கீழ கோயில்ல தோப்புக்கரணம் போட்டது நீங்கதானே மேடம்?"

வேண்டுதல் என்று சமாளித்துப் பார்த்தேன். பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவள் நான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவர் பொறுமையாகவே விளக்கினார். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் குருத்தெலும்பு அமுங்கி, அதிலிருக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்துக்கு வெளியே போய்விடும்.

"இப்ப எடுத்தா, இருக்கறதவிட ஒங்க முட்டி நல்லா இருக்குன்னுதான் காட்டும்" என்றார்.

ஆக, எனக்கு எதிரான சாட்சியை நானே காதைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்து நாலு தடவை தயார் செய்திருக்கிறேன். என்னை ஒரு மூலையில் உட்கார வைத்து, காலை நீட்டச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவே விடவில்லை. அதற்குப் பிறகுதான் மெஷினுக்குள் அனுப்பினார்கள்.

படத்தில் முழங்காலின் உள்பக்கம் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. ஆரம்ப நிலைதான், தொடையைப் பலப்படுத்துகிற பயிற்சி செய்தால் போதும், ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். குந்தி உட்காரக் கூடாது என்றும் சொன்னார். வேறு யாராவது என்றால் கவலைப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் புறப்படுவதற்குள் படத்தை வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் வீடியோ காலில் கூப்பிட்டார். சிவப்புத் திட்டு, தண்ணீர், ஒரு மணி நேரம் உட்கார வைத்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, மன்னிப்புக்காகக் காத்திருந்தேன். அவர் போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் சும்மாவா உக்கார விடுறாங்க?"

"ஆமாங்க."

"லீவுல வரயில எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாப்பமா?"

பதினொரு வருடமாகத் தரையில் முழங்காலை ஊன்றி டைல்ஸ் ஒட்டுகிற மனிதர். என் காலைப் பற்றி அவரிடம் தினமும் புலம்பியிருக்கிறேன். அவர் காலைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனை நாளாக வலிக்கிறது, ஏன் சொல்லவில்லை, அங்கே யாரிடமும் காட்டவில்லையா என்று அடுக்கடுக்காகக் கேட்டேன்.

"வலி வந்தப்பவே காட்டுனேன். எக்ஸ்ரே எடுத்துட்டு, எலும்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வயசாகுதுல்லன்னு அனுப்பிட்டாங்க" என்றார்.