சுகமில்லை என்று சொல்லப் பழகிய சூசைரட்ணம்

கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் போய் சூசைரட்ணம் எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ஆமிக்காரர் எங்கே என்றால் சின்னப் பிள்ளையும் அவர் குடியிருக்கிற லயத்து வீட்டைக் காட்டிவிடும். பெயர்தான் ஆமிக்காரர். துவக்குப் பிடித்த கை இல்லை அது. பட்டாளத்துக் குசினியில் சோறு கிண்டிய கை, அதற்குப் பிறகு சாமான் ஸ்டோரில் மா மூட்டை அடுக்கிய கை.

அந்த ஸ்டோரில்தான் அவருடைய மூக்குக் கெட்டது. காற்று வர ஒரே ஒரு சின்ன ஜன்னல். வெறும் சாக்குகளை உதறி உதறி மடிக்க வேண்டும், இரவில் அந்தச் சாக்கின் மேலேயே படுக்க வேண்டும். முதலில் தும்மல் வந்தது. பிறகு மூக்கு தண்ணியாய் ஒழுகியது. பிறகு இரண்டு பக்கமும் அடைத்து, வாயால் மூச்சு விடுகிற நிலை. நம்ம ஆட்கள் பீனிசம் என்பார்கள். நுவரெலியாவில் பார்த்த மூக்கு டொக்டர், தூசு ஒத்துக்கொள்ளாத அலர்ஜி என்றார்.

பட்டாளத்துச் சேவை முடிந்து ஊருக்கு வந்தார். பீனிசமும் கூடவே வந்தது. கிடைத்த வேலையோ ஃபெக்டரியில் தேயிலை சலிக்கிற அறை. தூசைத் தவிர அங்கே வேறு காற்றே கிடையாது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மனசுக்குள் மாதாவுக்கு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டு வருஷங்களை ஓட்டினார். மூச்சு மட்டும் வரவர மோசமாகிக்கொண்டே போனது.

பட்டாளத்தில் வந்த நோய்க்கு மாதாமாதம் அங்கவீனக் கொடுப்பனவு உண்டு, கேட்டுப் பார் என்று சொன்னவர் பட்டிப்பொல திலகசிறி. அதே ஸ்டோரில் கூட இருந்த சிங்களக் கூட்டாளி. அது கிடைத்தால் சலிக்கிற அறையை விட்டுவிடலாம், லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போட்டுப் பிழைக்கலாம் என்று சூசைரட்ணத்துக்கு ஆசை வந்தது.

கொழும்பில் மருத்துவச் சபைக்குக் கூப்பிட்டார்கள். திருநாள் பூசைக்குப் போகிறவர் மாதிரி ஆயத்தமானார் மனுஷன். பெரியவர்கள் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கலாமா? முதல் நாளே ஆவி பிடித்தார், மாத்திரை போட்டார், விடியக்காலை இன்னொன்றும் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை, வழித்த முகம். பெரிய டொக்டர், "எப்படி இருக்கிறீர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆண்டவர் புண்ணியத்தில நல்லா இருக்கேன் சேர்," என்று இவரும் சிங்களத்திலேயே சொன்னார்.

லைட் அடித்துப் பார்த்தார்கள். மூக்கு பளிச்சென்று இருந்தது. கொஞ்ச நாளில் பதில் வந்தது. நோய் தெரியவில்லை, அப்படியே நோய் இருந்தாலும் அது தேயிலைத் தூசால் வந்ததாக இருக்கலாம், விருப்பமானால் மேன்முறையீடு செய்யலாம்.

தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் பக்கத்து வீட்டு அழகுமுத்து விடவில்லை. "என்னா ஆமிக்காரரே, கை இருக்கு, காலு இருக்கு, மூக்குக்கு அங்கவீனமா? ஊன்றுகோல் குடுப்பாங்களாக்கும்?"

"குடுத்தா வாங்கிக்குவேன். பிடிச்சுக்க நீ வருவேல்ல?" என்றார் சூசைரட்ணம். சிரித்துத்தான் சொன்னார். வீட்டுக்குள் வந்ததும் முகம் தொங்கிவிட்டது.

மனைவி மார்கிரட் மலையில் கொழுந்து எடுக்கிறவள். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, டொக்டரு கேட்டதுக்கு என்னா சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"நல்லா இருக்கிற மனுசன் எதுக்கு கொழும்புக்குப் போனீங்க, கடல் பாக்கவா?"

"பெரியவங்க கேட்டா வேற என்னா சொல்றது புள்ள? முறைப்பாடு சொன்னா ஆண்டவரையே குறை சொல்ற மாதிரி இருக்கு."

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டு, நல்லா இருக்கேன் சாமின்னா சொல்றீங்க? உள்ளதைத்தானே சொல்றீங்க. டொக்டருகிட்டேயும் உள்ளதைச் சொல்லுங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

அந்தப் பேச்சு அவருக்குள் நன்றாக இறங்கியது. மேன்முறையீடு போட்டார். நுவரெலியா டொக்டரிடமும் போய் நடந்ததைச் சொன்னார். டொக்டர் சிரித்துவிட்டு, "நோயை மறைச்சுக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியும்? போறதுக்கு முன்னாடி மாத்திரையை நிப்பாட்டுங்க," என்றார்.

நிறுத்தினார். அந்த நாட்களை மார்கிரட்தான் பார்க்க முடியாமல் பார்த்தாள். கண் இரண்டும் கோவைப்பழம். தும்மித் தும்மி விலா நொந்தது. சாப்பாட்டில் உப்பா புளிப்பா என்று தெரியவில்லை. "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கங்க, பாக்க முடியல," என்று அவளே மாத்திரையை நீட்டினாள். "போன தடவை வெள்ளைச் சட்டை போயிட்டு வந்திருச்சு. இந்தத் தடவை நான் போறேன்," என்று சொல்லிவிட்டார்.

நானுஓயாவில் ரயில் ஏறினபோது சாட்சி சொல்லக் கூட வருகிற திலகசிறி பட்டிப்பொலயிலேயே ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார். வழியெல்லாம் இவர் தும்ம, எதிரே இருந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனாள். "நல்லது மச்சான், கால் நீட்டலாம்," என்றார் திலகசிறி.

சபையில் அதே பெரிய டொக்டர், அதே கேள்வி. "எப்படி இருக்கிறீர்?"

பழகின வாய் நல்லா இருக்கேன் என்று சொல்லத் திறந்தது. சூசைரட்ணம் கழுத்துக் கயிற்றில் சட்டைக்குள் கிடந்த மாதா சுரூபத்தைப் பிடித்துக்கொண்டார். "சுகமில்லை சேர். ராத்திரி படுத்தா மூச்சு அடைக்குது, உட்கார்ந்துதான் தூங்குறேன். சோத்துக்கு ருசி தெரியல." சொல்லி முடிக்கும் முன்னே தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, சரமாக. லைட் அடித்துப் பார்த்தவர் இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார்.

"போன தடவை ஏன் நல்லா இருக்கேன் என்றீர்?"

"எங்க பக்கம் பெரியவங்க கேட்டா அப்படித்தான் சேர் சொல்லுவோம். நோய் இல்லைன்னு நான் சொல்லல. மரியாதை சொன்னேன்."

"தேயிலைத் தூசில்தானே வேலை செய்கிறீர்?"

இதற்குத் திலகசிறியைக் கூப்பிட்டார்கள். அவர் விறைப்பாக நின்று சொன்னார்: "சேர், ஸ்டோர்ல எங்களைக் காலையில எழுப்பினது விசில் இல்லை, இவன் தும்மல். வரும்போது மூக்கு நல்லா இருந்த ஆள். ரெண்டாவது மழைக்கே இப்படி ஆயிட்டான். ஃபெக்டரி வேலை ஊருக்குத் திரும்பின பிறகு கிடைச்சது."

அதற்குப் பிறகு முடிவு வர மாதங்கள் ஆயின. நோய் சேவையில் வந்ததுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். கேட்ட அளவு இல்லை, அதில் பாதிதான்.

"எடுத்துக்குவோமா, இன்னும் கேப்போமா?" என்றாள் மார்கிரட்.

"எடுத்துக்கிட்டே கேப்போம்."

மறுநாள் காலையில் ஃபெக்டரிக்குப் போய், அங்கே பொறுப்பாக இருக்கிற டீ மேக்கர் முன்னால் நின்றார். "இந்தக் கிழமையோட நான் நின்னுக்கிறேங்கய்யா."

"திடீர்னு சொன்னா ஆளுக்கு நான் எங்க போவேன் சூசை?"

"ஆளு வருவாங்கய்யா. ஆனா, தூசு இழுக்கிற ஃபேன் ஓடாமக் கெடக்கு. அதைச் செஞ்சு குடுத்துட்டு ஆளை எடுங்க. இல்லாட்டி அவனும் என்னை மாதிரி கொழும்புக்கு அலையணும்."

"பாப்போம், பாப்போம்," என்றார் டீ மேக்கர்.

"பாருங்கய்யா. நான் நிக்கிறேன்," என்று சொன்ன சூசைரட்ணம், அவர் ஃபோனை எடுத்து மின்சார வேலைக்காரரைக் கூப்பிடும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.