கலோரியும் இரண்டாம் அகப்பையும்

"…சூடு எண்டுதான் அர்த்தமெண்டால், சோத்தை ஆறவிட்டுக் குடுத்தால் அரைவாசி போயிடும்தானே, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அக்கா சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தார். சட்டன் என்ற இங்கிலிஷ் ஊரில், அவர்கள் வீட்டு மேசையில் மூன்று பேர் இருந்தோம்: அக்கா, அத்தான், நான். கலோரி என்ற சொல்லுக்கு அப்போதுதான் விளக்கம் சொல்லி முடித்திருந்தேன்.

"போகாதக்கா. இது தொட்டுப் பாக்கிற சூடில்லை. உள்ளுக்குப் போய் எரியிற சூடு."

"காணாத சூட்டை ஆர் அளந்தது?" என்றார் அத்தான்.

அத்தானுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்யவேண்டும். நிறை குறைந்தால்தான் திகதி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனுசன் படி ஏற ஏலாமல் முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கிறார். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஓர் அகப்பைச் சோறு என்று சாப்பாட்டு ஆலோசகர் அளவு கொடுத்திருந்தார். அக்காவும் அந்த அளவில்தான் போடுவதாகச் சொன்னார். நிறை பார்க்கும் மெஷினில் ஏறினால் முள் இறங்கவில்லை. அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் சந்தேகம். அக்காவுக்கு மெஷின்மேல். எனக்கு அத்தான்மேல், பொல்லை ஊன்றிக்கொண்டு மூலைக் கடைக்குப் போய் எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் தின்கிறாரோ என்று. அத்தானுக்கோ கலோரி என்ற அந்தச் சொல்லின்மேலேயே.

அவர் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பிக் கண்ணாடி போட்டுப் படிப்பார். "ஜெர்மன்காரன் 'பிரென்வேர்ட்' எண்டு போடுறான், எரியிற பெறுமதியாம். இங்கிலிஷில எனர்ஜி. நீ கலோரி எண்டுறாய். ஒருத்தன் மூண்டு பேரில திரிஞ்சால் பொலிஸ் சும்மா விடுமோ, மச்சான்?"

எனக்கு வாத்தியார் என்று யாரும் இல்லை. கேட்டதையும் கிடைத்ததையும் பொறுக்கிச் சேர்த்தவன். யாராவது ஒரு சொல்லைச் சந்தேகித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இன்றைய சாப்பாட்டுக்கு வருமுன்பே தேடிப் பார்த்திருந்தேன். லத்தீனில் கலோர் என்றால் வெப்பம். பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து கலோரி செய்தார்கள். குறித்த அளவு தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதான் முதல் பொருள்; சாப்பாட்டுத் தட்டுக்கு அது பிறகுதான் வந்தது. என்னோடு வேலை செய்யும் கிரேக்கப் பெண்ணிடம் கேட்டேன். தாங்கள் வெப்பத்துக்கு வைத்திருக்கும் சொந்தச் சொல்லிலிருந்தே 'தெர்மிடா' என்று ஆக்கிக்கொண்டதாகச் சொன்னாள். நாங்கள்தான் வந்த சரக்கை அப்படியே இறக்கினோம். ஆனால் சாப்பாட்டில் சூடு உண்டென்பது எங்களுக்குப் புதிதில்லையே. கத்தரிக்காய் சூடு, வெள்ளரிக்காய் குளிர்மை. அந்தச் சூடு வேறு, இந்தச் சூடு வேறு என்று விளங்கப்படுத்தத்தான் நான் பட்டபாடு.

"கலோரிக்கு முன்னுக்கு நிக்கிற 'கே' என்ன?" மேசையில் கிடந்த பிஸ்கட் பைக்கற்றை அத்தான் என் பக்கம் தள்ளினார்.

"அது ஆயிரம், அத்தான். நாங்கள் சாப்பாட்டில ஒரு கலோரி எண்டு சொல்லுறது உண்மையில ஆயிரம் சின்னக் கலோரி."

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தியே. ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாம் எண்டுவினம். இவங்கள் ஆயிரத்தை ஒண்டெண்டு சொல்லி என்ர வயித்தைக் கட்டுறாங்கள்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்தப் பழமொழியை நம்பி, வந்ததும் வராததுமாய்க் குசினிக்குள் போய்ச் சட்டிகளைத்தான் பார்த்திருந்தேன். சோற்றில் நெய் இல்லை. கறியில் எண்ணெய் மிதக்கவில்லை. குப்பை வாளியில் ரோல்ஸ் சுற்றிய கடதாசியும் இல்லை. அகப்பையைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அக்கா ஓர் அகப்பைச் சோற்றை அத்தானின் தட்டில் போட்டார். அளவு சரி. பிறகு பேச்சோடு பேச்சாக அகப்பை இன்னொரு தரம் சட்டிக்குள் போய் நிறைந்து வந்தது.

"அக்கா, உது என்ன?"

"எது?"

"ரெண்டாவது."

"உது கணக்கில்லை," என்றார். "ஒற்றையாய்ப் போடக்கூடாது. ஒருக்காப் போட்டிட்டு விடுறது பகையாளிக்கு."

"ஒவ்வொரு நேரமும் போடுறனீங்களோ?"

"பின்னே? கட்டினவருக்கு ஒற்றையாய்ப் போடுவனோ?"

"போதும் எண்டு கையை மறிச்சால் கைக்கு மேலயே போடுவா," என்றார் அத்தான். சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, மேசைக்குக் கீழே நீட்டியிருந்த காலைப் பார்த்தார். "அப்ப என்ர கால், இஞ்சரப்பா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா அகப்பையைப் பிடித்தபடி நின்றார். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அவர் அகப்பைச் சோற்றைச் சட்டிக்குள் திருப்பிக் கொட்டினார். பிறகு, அத்தான் இன்னும் கை வைக்காத தட்டிலிருந்து பாதிச் சோற்றை அதே அகப்பையால் அள்ளித் தூக்கினார். கொஞ்சம் பொறுத்து, அதையே இரண்டாம் அகப்பையாக மெல்லத் தட்டில் போட்டார்.