சின்னய்யாவுக்கே குடு

பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சிலருக்குக் கால் நடுங்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஊசியோடு வந்த நர்ஸிடம் அவருடைய ஊர் எது, அங்கே எந்த வாய்க்கால் பாய்கிறது, இந்த வருஷம் குறுவை நெல் எப்படி என்று விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தேன். "ரத்தம் எடுத்தாச்சு சார், எந்திரிங்க, அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்றார் அவர். இந்த வியாதி எனக்கு எங்கே ஒட்டியது என்று யோசித்தால், எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து மைதானத்தில்தான் போய் நிற்கிறேன்.

எங்கள் கல்லூரி அணிக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் தெரியும். பின்னால் நிற்பவர் பந்தை வானத்துக்கு உதைப்பார். அது எப்போதும் நடுவில் நிற்கும் சென்டர் ஃபார்வர்டின் தலைக்கு நேராக இறங்கும். அவர் எகிறி முட்டுவார். பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, மைதானத்தை ஒட்டிய வாய்க்காலில் விழும். சித்திரை மாதத்து வாய்க்காலில் ஆகாயத்தாமரைச் சருகைத் தவிர வேறென்ன இருக்கும். யாராவது இறங்கி எடுத்து வருவார்கள். பின்னால் நிற்பவர் மறுபடியும் அதை வானத்துக்கு உதைப்பார்.

வலது ஓரத்தில் ரைட் அவுட் ஒருவர் இருந்தார். தெற்குத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். பந்து காலில் பட்டுவிட்டால், வரப்போரம் சாரைப்பாம்பு போவதுபோலக் கோட்டை ஒட்டியே போய்விடுவார். ஆனால் பந்து எங்கே அவரிடம் வருகிறது? ஒருமுறை அவர் உட்கார்ந்து பூட்ஸில் தைத்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதுதான்.

காரணம் ஊருக்கே தெரியும். சென்டர் ஃபார்வர்டு எங்கள் மிராசுதாரின் மகன். அவரை ஐயா என்போம், மகனைச் சின்னய்யா என்போம். அணியின் ஜெர்சி, பூட்ஸ், ஆட்டம் முடிந்ததும் புரோட்டா எல்லாம் ஐயாவின் உபயம். பந்து யாருக்குப் போக வேண்டும் என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்திச் சொல்வது பி.டி. சாரின் வேலை. சொல்வதற்கு முன்னால், பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஐயாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். அப்புறம் "நடுவுல, நடுவுல" என்பார். ஆட்சி மாறும்போதெல்லாம் ஐயா தோள்துண்டின் கரையை மாற்றிக்கொள்வார். ஆட்டத்தை மட்டும் யாரும் மாற்றியதில்லை.

இதற்காக யாரும் கோபப்பட்டதாக நினைவில்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும். எங்களுக்கு அலுப்புதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு பஸ் கண்டக்டர் வந்து உட்காருவார். டூட்டி முடிந்து தோல்பையோடு வருகிறவர். பின்னால் நிற்பவர் காலைத் தூக்கும்போதே, "அடுத்த ஸ்டாப் ஆகாயம், எறங்குறவங்க எறங்கிக்கிங்க" என்பார். சிரிப்பு வராது. ஆனாலும் வருஷா வருஷம் போய் உட்காருவோம்.

அப்பாவும் வருவார். ஆற்றுப் பாய்ச்சலில் ஐயாவுடைய ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். ஐயா முன்னால் அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல்தான்: "சரிங்க", "ஆகட்டுங்க". மைதானத்தில் மூன்றாவதாக ஒன்று சொல்வார். பந்து வானத்துக்குப் போகும்போதெல்லாம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "ஓரத்துக்குக் குடுங்கடா" என்று முனகுவார். மடியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும்தான் கேட்கும்.

அந்த வருஷம் அந்த முனகலும் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். யார் உழுகிறார்களோ அவர்கள் பெயரைத் தாலுகா கச்சேரியில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலத்துக்காரர் நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்தது. இதற்காகப் பக்கத்து ஊரில் வெட்டுக்குத்து வரை போயிருந்தது. அப்பா அந்த வழிக்குப் போகவில்லை. ஐயாவிடமே போய்க் கேட்டார். ஐயா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாலுகாவில் வருஷக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியைச் சொல்லி, "ஜமாபந்தி வரட்டும், பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போ'மைத்தான் எங்கள் வீடு மாதக்கணக்கில் சோறு தண்ணி மாதிரி வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா வாயைத் தொறந்தாருன்னா சட்டையைப் புடிச்சு இழு" என்றாள் அம்மா. "ஐயா காதுல எதும் விழக்கூடாது. பேரு ஏறுற வரைக்கும்தான்டா."

ஒரு குடும்பத்தின் சாகுபடியை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் மூன்றாம் வகுப்பு.

வருஷா வருஷம் சித்திரையில் நடக்கும் போட்டியின் கடைசி ஆட்டத்தன்று காலையில் அப்பா வண்டியில் எரு ஏற்றினார். எங்கள் பக்கத்தில் சித்திரையில் முதல் வண்டி எரு வயலுக்குப் போகுமுன் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கம். "எரு அடிக்கட்டுங்களா" என்று கேட்க வேண்டும், அவர் "அடி" என்று சொல்ல வேண்டும். அந்த வருஷச் சாகுபடி நமக்குத்தான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அப்பா வண்டியோடு ஐயா வீட்டுக்குப் போனார், அங்கிருந்து அப்படியே வயலுக்குப் போக. கொஞ்ச நேரத்தில் எருவோடு திரும்பி வந்தார். மாடுகளை அவிழ்த்து வைக்கோல் போட்டார். வண்டியை அப்படியே வாசலில் விட்டுவிட்டார். வெயில் தாழ்ந்ததும் குளித்தார், வெள்ளைச் சட்டை போட்டார். அம்மா காலையிலேயே களத்தில் உளுந்து அடிக்கப் போயிருந்தாள்.

"வாடா, மேட்ச் பாக்கப் போவம்" என்றார்.

வயல்வேலையை விட்டுவிட்டுக் கால்பந்துக்கு வரும் அப்பா இந்த ஜில்லாவில் வேறு யாருக்கு இருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

எதிரணி கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. உப்பளத்து வெயிலில் காய்ந்த கால்கள். வந்த வேகத்தில் ஒரு கோல் போட்டுவிட்டு, இனி நீங்கள் ஆடுங்கள் என்பதுபோல நின்றுகொண்டார்கள். எங்கள் ஆட்கள் வானத்துக்கு உதைத்தார்கள். சின்னய்யா முட்டினார். வாய்க்கால். மறுபடி உதைத்தார்கள். வாய்க்கால். ரைட் அவுட் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது அப்பா எழுந்தார்.

"ஓரத்துக்குக் குடுங்கய்யா. ஓரத்துல ஒருத்தன் காலையிலேருந்து காத்துக்கிட்டு நிக்கிறான், கண்ணு தெரியலயா ஒங்களுக்கு."

அது மாடுகள் மட்டுமே கேட்டிருந்த குரல். ஆட்டம் சாயங்காலம்தான் தொடங்கியது, இதில் காலை எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்க எனக்கு நேரமில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். பட்டன் தெறித்தது. "வுடுடா" என்றார். பி.டி. சார் திரும்பினார். பந்தலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஐயாவும் திரும்பினார்.

வண்டியில் ஒரு பக்கம் பாரம் சாய்ந்தால் மறுபக்கம் ஆள் ஏறி உட்காருவார்களே, அந்தக் கணக்குதான் எனக்கு ஓடியது. அப்பா சொன்னதற்கு எதிராக, அதைவிடச் சத்தமாக யாராவது சொல்லிவிட்டால் சரியாகிவிடும். பெஞ்சின்மேல் ஏறினேன். வாய் திறந்துகொண்டது.

"சின்னய்யாவுக்கே குடு. நடுவுலயே குடு. சின்னய்யாவுக்கே குடு."

என் பக்தியில் ஒரு குறையும் இல்லை என்பதை இப்போதும் சத்தியம் செய்து சொல்வேன்.

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகத் தேடிய சில்லறை கையில் கிடைத்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. "எமகாதகப் பயலா இருக்கியேடா" என்றவர், பஸ்ஸின் முன்படி வரை கேட்கும் அந்தத் தொண்டையால், "சின்னய்யாவுக்கே குடு" என்று ஒரு இழுப்பு இழுத்தார். அடுத்த வரிசை வாங்கிக்கொண்டது. எதிர்ப்பக்கம் கைதட்டலோடு திருப்பிக் கொடுத்தது. மாணவர்கள், மாட்டுத் தரகர்கள், சோடா விற்பவர் எல்லோரும் ஒரே குரலில், சின்னய்யாவுக்கே குடு. பந்து வாய்க்காலில் விழும்போதெல்லாம் அம்மன் கோயிலில் தீபாராதனை காட்டினாற்போல ஒரு சத்தம்.

நான் பெஞ்சிலிருந்து குதித்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினேன். தாளம் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கை ஆட்ட ஆட்டச் சத்தம் கூடியது.

பாவம், பி.டி. சார். அவர் செய்வதைத்தான் ஊரே செய்யச் சொல்கிறது. மாற்றினால் ஐயாவுக்கு என்ன பதில் சொல்வது, மாற்றாவிட்டால் இந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது. பந்தலைப் பார்த்தார். ஐயா விசிறிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

சின்னய்யாவின் காது இரண்டும் சிவந்திருந்தன. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மறுபடி ஒரு பந்து வானத்திலிருந்து இறங்கியது. இந்தத் தடவை அவர் முட்டவில்லை. நெஞ்சில் வாங்கி, பி.டி. சாரையும் பார்க்காமல், பந்தலையும் பார்க்காமல், வலது ஓரத்துக்கு ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ரைட் அவுட் முதலில் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகுதான் ஓடினார்.

மைதானம் எழுந்து நின்றது. அப்பா என் தோளைப் பிடித்திருந்தார். வலித்தது. கோட்டை ஒட்டியே போனார் ரைட் அவுட். ஒருவனைத் தாண்டினார், இன்னொருவனைத் தாண்டினார், உள்ளே திரும்பி அடித்தார். பந்து கம்பத்தில் பட்டது. பட்டு, நேரே எதிரணிக் கோலியின் கைக்குத் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள்.

"சரி, ஒரு தடவையாவது பாத்துட்டம்" என்று தோல்பையைத் தூக்கிக்கொண்டு கண்டக்டர் போனார்.

நாங்கள் போக முடியவில்லை. ஐயாவின் கார் டிரைவர் வந்து, "ஐயா கூப்புடுறாங்க" என்றார்.

பந்தலுக்கு நடக்கும்போது எங்கள் ஐந்து மா நிலமும் என் வாயிலிருந்து ஒவ்வொரு மாவாக வெளியே விழுவது தெரிந்தது. போய் நின்றதும் காலில் விழுவதாக இருந்தேன். அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "சின்னய்யா நல்லா ஆடுனாங்க, முட்டுனதெல்லாம் கொஞ்சம்தான் மேல போயிடுச்சு, வாய்க்கா அங்க இல்லாம இருந்திருந்தா அவ்வளவு தூரமா தெரிஞ்சிருக்காது, எங்கப்பாவுக்குக் காலையிலேருந்து வெயில்ல" என்று போய்க்கொண்டே இருந்தது. அப்பா என் தலையில் கை வைத்தார். நின்றது.

ஐயா சிரித்தார். கோபமே இல்லை.

"ஒம் மவனா? வாய் இருக்கு" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ சொன்னதுதான்யா சரி. ஓரத்துக்குக் குடுத்திருக்கணும். வர்ற வருஷம் குடுக்கச் சொல்றேன். வந்து பாரு. இனிமே ஒனக்கு நேரம் இருக்குமே" என்றார்.

அப்பா "சரிங்க" என்று சொல்லவில்லை. "ஆகட்டுங்க" என்றும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மனுஷர் இறங்கி வந்து பேசும்போது இப்படி மரம்போல நிற்கிறாரே என்று அவருக்கும் சேர்த்து நான்தான் "சரிங்க" என்றேன்.

வழி நெடுக எனக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டில் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அப்பா கத்தியது, ஊரே கத்தியது, ஐயா கோபப்படாதது, அப்பா சொன்னதுதான் சரி என்றது எல்லாவற்றையும். "இனிமே அப்பாவுக்கு நேரம் இருக்கும்னாங்கம்மா" என்று முடித்தேன்.

முறம் நின்றது. அவள் வாசலைப் பார்த்தாள்.

"எரு வண்டி ஏன் அப்புடியே நிக்கிது?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "காலையிலயே வேண்டாம்னுட்டாங்க. அவங்க டிராக்டர் ஓட்டுறவன் பேரைக் கச்சேரியில குடுத்துட்டாங்களாம். அவன்தான் உழுவுறான்னு."

"தெரிஞ்சுமா மேட்ச் பாக்கப் போனீங்க?"

"வேற எங்க போவ."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இவனைச் சட்டையைப் புடிச்சு இழுக்கச் சொல்லியிருந்தேனே" என்றாள்.

"இழுத்தான். பட்டன்தான் போச்சு."

அவள் எழுந்து ஆணியிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு ஊசி தேடப் போனாள். டிராக்டர்காரர் பெயரைக் கச்சேரியில் கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகட்டும், அதற்கும் மேட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கை கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது அப்பா வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி, ஏற்றிய எருவை எடுத்த குழியிலேயே கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு சின்னக் கூடையை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துகொண்டேன். ஏற்றியதை மறுபடி எதற்கு இறக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நேரம் இருக்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.