மோடம் தயார் என்று சொன்னது யார்?

சூளகிரியிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு ரோஜாப் பண்ணை. பிப்ரவரி முதல் வாரம். வெளிநாட்டுக்கு அனுப்பக் குளிர் அறையில் கட்டிக் கட்டி அடுக்கியிருந்த ரோஜா அத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் விரிந்துபோய்விட்டது. மொட்டாக இருந்தால்தான் ஏற்றுமதி. விரிந்ததை உள்ளூர் மாலைக் கடைக்காரர்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்குவார்.

திங்கள் காலை என்னை அங்கே அனுப்பினார்கள். தொழிற்சாலைகளுக்கும் குளிர் அறைகளுக்கும் கண்ட்ரோலர், அலாரம், மோடம் எல்லாம் பொருத்தித் தரும் ஓசூர் நிறுவனம் ஒன்றில் நான் சர்வீஸ் எஞ்சினியர். தலை நரைத்தும் இன்னும் பைக்கில்தான் சுற்றுகிறேன். ஒரு இடத்தில் நிலையாக உட்கார எனக்கு வராது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்பதால் இதை எழுதுகிறேன். எழுதும்போதுகூட நடுவில் நாலைந்து முறை எழுந்துவிட்டேன்.

என் டெஸ்ட் சொன்ன சாட்சி

அந்த ஏற்பாடு எளிமையானது. குளிர் அறையில் வெப்பம் ஏறினால் கண்ட்ரோலர் அதைக் கவனிக்கும். சீரியல் கேபிள் வழியாகப் பக்கத்தில் இருக்கும் மோடத்துக்குச் சொல்லும். மோடத்தில் ஒரு சிம் கார்டு உண்டு. அது சூப்பர்வைசரின் செல்போனுக்கு மெசேஜ் அனுப்பும்.

சூப்பர்வைசர் பெயர் ஆரோக்கியமேரி. நாற்பது வயதிருக்கும். ஞாயிறு காலை அவர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. பேட்டரி சரியில்லாததால் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகவில்லை. பகல் முழுக்கக் குளிர் அறை சூடேறியிருக்கிறது. கண்ட்ரோலர் திரையிலோ ‘மெசேஜ் சென்ட்’ என்று பளிச்சென்று இருந்தது. மேரியின் போனில் எந்த மெசேஜும் இல்லை.

பண்ணை முதலாளி நாராயணப்பா வீட்டில் தெலுங்கு பேசுபவர். கோபம் வந்தால் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். மேரி மெசேஜைப் பார்த்தும் சர்ச்சிலிருந்து எழுந்து வராமல் இருந்துவிட்டு, பிறகு அதை அழித்துவிட்டதாகப் பேக்கிங் ஷெட்டில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். இந்த மாதத்தோடு கணக்கு முடித்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார்.

நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அலாரம் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். மேரியின் கையிலிருந்த போன் உடனே சிணுங்கியது. மறுபடி அமுக்கினேன், மறுபடி வந்தது. எனக்கு வேலை முடிந்தது. அவருக்கு வேலை போனது.

“சூடு, பாரு, வருதா இல்லியா?” என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார் நாராயணப்பா. “மெஷினு பொய் சொல்லாது. மனுசங்கதான் சொல்லுவாங்க.”

மேரி அழவில்லை, சண்டை போடவில்லை. என்னைத்தான் பார்த்தார். போனை வைப்ரேட்டில் போட்டு மடியிலேயே வைத்திருந்ததாகவும், ரோஜா சீசனில் சர்ச்சுக்குள்ளும் அப்படித்தான் வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று ஒயர்

நெடுஞ்சாலைக்கு வந்து ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை. கடையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். உள்ளே ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. கண்ட்ரோலரிலிருந்து மோடத்துக்குப் போன கேபிள் ரொம்ப ஒல்லியாக இருந்தது. நிச்சயம் மூன்று கோர்தான், அதாவது உள்ளே மூன்றே ஒயர்.

இங்கே கொஞ்சம் வயரிங் சொல்லியாக வேண்டும். சீரியல் போர்ட்டில் ஒன்பது பின். கண்ட்ரோலர் பக்கத்திலிருந்து பார்த்தால், மூன்றாவது பின்னில் டேட்டா வெளியே போகிறது, இரண்டாவதில் உள்ளே வருகிறது, ஐந்தாவது கிரவுண்ட். இந்த மூன்று இருந்தாலே பேச்சு நடந்துவிடும். மற்றவை பேச்சல்ல, பேச்சுக்கு முந்தைய விசாரிப்பு. நாலாவது பின் டிடிஆர்: ‘நான் தயார்’ என்று கண்ட்ரோலர் சொல்வது. ஆறாவது டிஎஸ்ஆர்: ‘நானும் தயார்’ என்று மோடம் சொல்வது. ஏழாவது ஆர்டிஎஸ்: ‘அனுப்பட்டுமா?’ எட்டாவது சிடிஎஸ்: ‘அனுப்பு.’ எதிர்முனையோடு இணைப்பு கிடைத்ததா என்பதை ஒன்றாவது பின்னும், அழைப்பு வருகிறதா என்பதை ஒன்பதாவது பின்னும் சொல்லும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஒன்பது கோர் கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு மூன்று கோர் இழுப்பார்கள். பதில் வராவிட்டால் கண்ட்ரோலர் முரண்டு பிடிக்கும் அல்லவா? அதற்காகக் கனெக்டர் மூடிக்குள்ளேயே ஏழையும் எட்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள்; அதுதான் ஜம்பர். ஒன்று, நாலு, ஆறு மூன்றையும் சேர்த்து இன்னொரு ஜம்பர். பிறகு கண்ட்ரோலர் கேட்கும் கேள்வி சுற்றிக்கொண்டு அதன் காதிலேயே பதிலாக விழும். தானே கேட்டுத் தானே தலையாட்டிக்கொள்ளும்.

இந்தக் கண்ட்ரோலரோ மோடத்திடமிருந்து ‘ஓகே’ வருகிறதா என்று பார்க்கும் ரகமல்ல. டிஎஸ்ஆரும் சிடிஎஸ்ஸும் இருந்தால் எழுத்தைத் தள்ளிவிட்டு ‘சென்ட்’ என்று போட்டுவிடும். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மோடம் தயார் என்று அதற்குச் சொன்னது யார்?

மோடத்தின் அடாப்டர் எங்கே செருகியிருந்தது என்பதும் அப்போதுதான் கண்முன் வந்தது. கண்ட்ரோலரைப் போல யுபிஎஸ்ஸில் இல்லை. டீ கெட்டிலுக்குப் பக்கத்தில், சுவர் பிளக்கில்.

எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, அவசரக்காரர்.

“டெஸ்ட் மெசேஜ் போச்சுல்ல? எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டு வாய்யா. நம்ம போட்ட சைட் பூராவும் இதே ஜம்பர்தான் கெடக்குது. ஒரு எடத்துல வாயத் தொறந்தா எல்லா எடத்துக்கும் ஓடணும்.”

அவர் கடைசியாகச் சொன்னதில் பொய் இல்லை. எல்லா இடத்துக்கும் ஓடத்தான் வேண்டும், ஓடப்போவதும் நான்தான். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எல்லாம் சரி என்று எழுதினால் யாருக்கும் கேடில்லை, மேரியைத் தவிர. அந்த ஒரு நினைப்பில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. முதலாளி மீதா, என் மீதா, அந்த ஜம்பர் மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

மெயினை இறக்கியபோது

நாராயணப்பா என்னைப் பார்த்ததும் எதை மறந்துவிட்டாய் என்றார். மேரியையும் கூப்பிடச் சொன்னேன். அவர் போனை மேசை நடுவில் வைக்கச் சொன்னேன். பிறகு ஆபீஸ் ரூம் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

ஃபேன் நின்றது. யுபிஎஸ் கீச்சென்றது. கண்ட்ரோலர் உயிரோடு இருந்தது. மோடத்தின் விளக்கு அணைந்துவிட்டது. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன்.

திரையில் வந்தது: ‘மெசேஜ் சென்ட்.’

மூவரும் மேசையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது சும்மா கிடந்தது. நாராயணப்பா தாமே ஒரு முறை பட்டனை அமுக்கினார். அப்போதும் ‘சென்ட்’ என்றே வந்தது. போன் அசையவில்லை. நான் மோடத்திலிருந்து கேபிளையே உருவிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி அமுக்கச் சொன்னேன். வெறும் ஒயரைப் பார்த்துக்கொண்டே கண்ட்ரோலர் ‘மெசேஜ் சென்ட்’ என்றது.

கண்ட்ரோலர் பக்கத்துக் கனெக்டர் மூடியைக் கழற்றி அந்த இரண்டு ஜம்பரையும் காட்டினேன். இது நாங்கள் போட்டது, தப்பு எங்களுடையது, ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் போகவேயில்லை என்று சொன்னேன். நாராயணப்பா என்னையும் என் நிறுவனத்தையும் தெலுங்கில் திட்டித் தீர்த்தார். பாதி புரியவில்லை, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. பிறகு மேரியின் பக்கம் திரும்பி, “செரி, போனது போவட்டும். நீ எப்பவும்போல வந்துடு” என்றார்.

மேரி போனை எடுத்துக்கொள்ளாமல் நின்றார்.

“வரேன் சார். ஆனா ஷெட்ல எல்லார் முன்னாடியும்தான நான் அழிச்சிட்டேன்னு சொன்னீங்க? மெசேஜ் வரலைன்னு அங்கயே வந்து சொல்லிடுங்க. அப்பறம் வேலைக்கு வரேன்.”

நாராயணப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்கு நடந்தார். வாசலிலேயே நின்று வேகமாக இரண்டு வாக்கியம் சொன்னார். பெண்கள் இலை கிள்ளுவதை நிறுத்திக் கேட்டார்கள். அவர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார். மேரி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு

எங்கள் முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே ஒன்பது கோர் கேபிள் ரோலை வாங்கி மேசையில் போட்டார். ஒவ்வொரு சைட்டாக ஓடினேன். ஜம்பரை வெட்டி, பின்னுக்குப் பின் நேராக இழுத்து, அடாப்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கருவி ஓடும்போது டெஸ்ட் செய்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஒரு தரம் மோடத்தை அணைத்துவிட்டு, இல்லை என்று சொல்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தப் பண்ணையிலிருந்து மறுபடி ஒரு புகார் வந்தது. மெஷின் ஓயாமல் கத்துகிறது, நிறுத்த வேண்டும் என்று நாராயணப்பா சொன்னார். போய்ப் பார்த்தேன். யாரோ செல்போன் சார்ஜ் போட மோடம் அடாப்டரைப் பிடுங்கியிருந்தார்கள். திரையில் ‘மோடம் நாட் ரெடி’, பஸ்ஸர் அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்க வழி உண்டு, குறைக்கட்டுமா என்று மேரியிடம் கேட்டேன்.

“வேண்டாம் சார், கத்தட்டும். கத்துனா எந்திரிச்சிப் போயி என்னான்னு பாத்துக்குவேன்” என்றார். “அன்னிக்கி சொல்லிட்டேன் சொல்லிட்டேன்னுட்டு கம்முன்னு இருந்துச்சி பாருங்க, அதுதான் சார் எனக்கு பயம்.”