விளிம்புவரை ஊற்றிய தேநீர்

ஐம்பதுகளின் கடைசியில், பதுளையில் ஒரு புடவைக் கடையின் மாடியில், விமானப் பணிக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. எங்களில் ஒருவரும் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் நான் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகி, தாடை வலியோடுதான் வகுப்புக்குப் போவேன். முடிவில் ஒருவரை மட்டும் கொழும்புக்கு வேலைக்கு எடுப்பார்கள். அந்த ஒருவர் நான்தான் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அம்மா கோயிலுக்கு ஒரு சேவலைக்கூட நேர்ந்துவிட்டிருந்தாள்.

பயிற்சி கொடுத்தவர் விமான அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் மாஸ்டர் என்போம். ஆடும் இடத்தில் சிந்தாமல் பரிமாற வேண்டும் என்பது அவர் பாடம். எங்கள் பக்கம் ஆடுவது ரயில்தான். அதனால் ஒரு சனிக்கிழமை, பிளாஸ்க்குகளில் தேநீரும் தட்டுகளில் கோப்பைகளுமாக எங்களை ரயிலேற்றினார்.

"அரைக் கோப்பைதான் ஊத்தவேணும், விளங்குதோ? அதுக்கு மேல ஊத்தினா உங்கட சட்டைக்குத்தான் போகும்."

எனக்கும், லுணுகலைப் பக்கத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியரின் மகளுக்கும் கடைசிப் பெட்டி. சிரிக்கவே தெரியாத பெண். அவளை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

தெமோதரை நிலையம் தாண்டி மேலே ஏறும்போது மூடுபனி ஜன்னல்களை அடைத்தது. திடீரென்று ரயில் நின்றது. பிறகு ஒரு குலுக்கலோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

"ஐயோ, ரயிலு கீழ போகுது! குதிங்க!" என்று யாரோ கத்த, பெட்டி மொத்தமும் எழுந்தது. பயணிகளுக்குத் தைரியம் சொல்லப் பயின்ற நான், தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருக்கைக்கு அடியில் புகுந்தேன்.

தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். வெளியே வெள்ளையாகப் பனி மட்டும். இறங்கக் காலைத் தூக்கினார்.

"ஐயா, இதக் கொஞ்சம் புடிங்க" என்று ஆசிரியரின் மகள் ஒரு கோப்பையை நீட்டினாள்.

யாராவது நீட்டினால் கை தானாக வாங்கிவிடுகிறது. அவர் உள்ளே திரும்பி இரண்டு கைகளாலும் வாங்கினார். கோப்பையின் விளிம்புவரை சுடச்சுடத் தேநீர்! அசைந்தால் விரல் வெந்துவிடும்.

"உக்காந்து குடிங்க" என்றாள். அவர் மெல்ல உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு அடுத்தவர் கையில் ஒன்றைக் கொடுத்தாள்.

"தங்கச்சி, அரைக் கோப்பைதான்னு மாஸ்டர் சொன்னாரே!" இது இருக்கைக்கு அடியிலிருந்து நான்.

"வெளிய வந்து நெறைய ஊத்துங்கண்ணே! கையில தளும்பிக்கிட்டு இருந்தா யாரு எந்திரிச்சு ஓடுவா?"

ஊற்றினேன். கோப்பைகள் தீர்ந்ததும் பிளாஸ்க் மூடியிலும் ஊற்றினோம். வாங்கியவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்து, வாங்காதவர்களும் உட்கார்ந்தார்கள். பெட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பனி விலகியது. ஜன்னல் வழியே பார்த்தால், கதவுக்கு வெளியே தரை இல்லை. உயரமான கற்பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். கீழே, வெகு கீழே, மரங்களின் உச்சி தெரிந்தது. பெரியவர் கதவைப் பார்த்தார், கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

"பாலம்னு ஒனக்குத் தெரியுமா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நிக்கிறதுக்கு முன்ன ரயிலு சத்தம் மாறிச்சுண்ணே. பாலம்னு சொல்லியிருந்தா இன்னும்ல பயந்திருப்பாங்க."

முன்னால் தண்டவாளத்தில் விழுந்திருந்த மண்ணை ஆட்கள் அகற்றிய பிறகு, ரயில் எல்ல நிலையத்தை அடைந்தது. மாஸ்டர் எங்கள் பெட்டிக்கு ஓடி வந்தார். தேநீர் வாங்கியவர்கள் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். என் சட்டையைத் தவிர யார்மேலும் ஒரு துளி இல்லை. பெரியவர் நடந்ததைச் சொல்ல, மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"இதை நான் படிப்பிக்கேல்லையே, பிள்ளை" என்றவர், பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். "எனக்கும் ஒண்டு ஊத்தும். நிறைய."

கொழும்புக்கு அவள்தான் போனாள். எங்கள் வீட்டுச் சேவல் பிழைத்தது. ஆகாயத்தில் தேநீர் கொடுக்கக் கிளம்பிய நான், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கடையில் அரைக் கோப்பைதான் வழக்கம், கஞ்சன் என்ற பெயரும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்தோ கோர்ட்டிலிருந்தோ முகம் வெளுத்து யாராவது வந்தால், விளிம்புவரை ஊற்றி அவர் இரண்டு கைகளிலும் வைக்கிறேன். அதைச் சிந்தாமல் பிடித்தபடி அவர் மெல்ல உட்காரும்போதெல்லாம், அந்தப் பாலத்தின் மேல் நின்றதுபோல் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.