திருமுல்லைவாயிலிலிருந்து வந்த வெளிநாட்டு மாணவி

வார இதழ்களில் பயணக் கட்டுரை என்றால் பனிமலை இருக்கும், படகு வீடு இருக்கும். இதில் அவை எதுவும் கிடையாது. திருமுல்லைவாயிலில் கிளம்பி ஆவடி, பூந்தமல்லி, வேலப்பன்சாவடி வழியாக நூம்பல் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்பிய கதை இது. ஒரு வழிக்குச் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஆனால் அன்றைக்கு நான் குழம்பிய அளவுக்கு, சுவிட்சர்லாந்து போனவர்கள்கூடக் குழம்பியிருக்க மாட்டார்கள்.

காலை 8.10. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, மகள் கீர்த்தனாவோடு கிளம்பினேன். பிளஸ் டூ முடித்தவள். வணிகவியலும் 'இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்' எனப்படும் பன்னாட்டு ஆய்வியலும் சேர்ந்த நான்கு வருட இரட்டைப் பட்டத்துக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டது. அன்று மதியம் ஒரு மணிக்குள் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. அவள் அப்பாவுக்குப் பகல் ஷிப்டு. அதனால் கையெழுத்து என் தலையில் விழுந்தது.

8.32 மின்சார ரயில். ஆவடிக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். உட்கார இடம் கிடைத்ததும் பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"பி.காம். எனக்குத் தெரியும். கூட இன்னொண்ணு கீதே, அது இன்னாடி?"

"நாடுங்க ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பழகுது, ஏன் சண்டை போடுதுன்னு படிக்கிறதும்மா."

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க. நீ அந்தக் கூத்தாடி வேலைக்கா படிக்கப் போற?"

"கிட்டத்தட்ட அதான்," என்று சிரித்தாள்.

"சரி, வேலை கெடைக்குமா?"

"நிறைய இருக்கும்மா."

எங்கள் மேனேஜர் 'நிறைய ஆர்டர் இருக்கு' என்று சொன்னால் அந்த மாதம் மெஷின்கள் சும்மா கிடக்கும். அதனால் நிறைய என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை குறைவு. "அதுக்குன்னு வெளிநாடு கிளிநாடு போவணுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல," என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணனூர் வந்தது, போனது.

9.05. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து. ஒன்பது கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு பூஜ்யம். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அது ஏரோப்ளேன்ல வேலை செய்றதுக்குப் படிக்கிறதும்மா. எங்க ஓரகத்தி பொண்ணு அதான் படிச்சிகினு கீது," என்றாள். நான் கீர்த்தனாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தாள்.

10.20. பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ. வேலப்பன்சாவடிக்கு நாலு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இன்டர்நேஷனல் படிப்பு சொல்லித் தர்றாங்களே, அங்க எறக்கி வுட்ருப்பா."

"எந்த இன்டர்நேஷனல்க்கா? இந்த ரோட்ல பாத்தா எல்லா ஸ்கூலும் இன்டர்நேஷனல்தான். எங்க தெருவுல ஒரு சலூனு கீது, அதுவும் இன்டர்நேஷனல்."

"பெருசா இருக்கும்பா."

"அப்ப ஏறு, ஏறு."

அவர் எங்களை ஒரு பெரிய கேட்டின் முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மதில் முழுக்க முயல், யானை, பலூன். காவலாளி நோட்டைத் திறந்து, "எல்.கே.ஜி.யா, யூ.கே.ஜி.யா?" என்றார். கீர்த்தனா என்னை விட அரை அடி உயரம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், அதனால் ஆட்டோக்காரரைத் திட்டவும் வழியில்லை. அங்கிருந்து வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம்.

11.25. பல்கலைக்கழகம். பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் கீர்த்தனாவின் பெயர் இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு வெளிநாட்டு மாணவர் பிரிவுல இருக்காங்க. மூணாவது மாடி போங்க," என்றார். படிப்பின் பெயரே அப்படி, ஆகவே பிரிவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஏறினேன்.

மூன்றாவது மாடியில் குளிரூட்டிய அறை. மேசை மேல் வரிசையாகக் குட்டிக் கொடிகள். எங்களுக்கு முன்னால் நெடுநெடுவென்று ஓர் ஆப்பிரிக்கப் பையன் காத்திருந்தான். எங்கள் முறை வந்ததும் அங்கிருந்த அலுவலர் பெண் புன்னகையோடு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். கீர்த்தனாவின் முகம் வெளுத்தது.

"பாஸ்போர்ட்டும் விசாவும் கேக்குறாங்கம்மா."

"எதுக்குடி? நாம ரயில்லதான வந்தோம்?"

அந்தப் பெண் தமிழுக்கு மாறினாள். விண்ணப்பத்தில் மாணவர் வகை என்ற இடத்தில் 'இன்டர்நேஷனல்' என்று குறித்திருக்கிறதாம். விண்ணப்பத்தைப் போட்டது எங்கள் தெருமுனை நெட் சென்டர் குமார். போன் போட்டேன்.

"இண்டியன், இன்டர்நேஷனல்னு ரெண்டு கட்டம் இருந்துதுக்கா. மேல படிப்புல இன்டர்நேஷனல்னு போட்டுகீது. அப்ப கீழயும் அதத்தான அடிக்கணும்?"

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதைத்தான் அடித்திருப்பேன்.

"மாத்திரலாங்கம்மா," என்றாள் அலுவலர் பெண். கோயம்புத்தூர்ப் பேச்சு. "பெத்தவங்க ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கோணும். ஒரு மணிக்கு லிஸ்ட்ட மூடிருவாங்க, சீக்கிரம் எழுதிக் குடுங்க."

12.20. வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். 'என் மகள் கீர்த்தனா வெளிநாட்டைச் சேர்ந்தவள் அல்ல. திருமுல்லைவாயிலில் பிறந்து வளர்ந்தவள். இதுவரை எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. இனியும் போகமாட்டாள்.' கடைசி வரியை எழுதியபோதுதான் காலையிலிருந்து இருந்த குழப்பம் கொஞ்சம் தெளிந்தது.

அந்தப் பெண் படித்துவிட்டுத் தயங்கினாள். "கடைசி வரி வேண்டாங்கம்மா. மூணாவது வருசத்துல ஆறு மாசம் வெளிநாட்டுல போய்ப் படிக்கோணும், அது பாடத்திட்டத்துலயே இருக்குதுங்க. போகமாட்டாள்னு நீங்களே எழுதிக் குடுத்தா எப்படி எடுத்துக்குவாங்க?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் குட்டிக் கொடிகளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கி நீ ரயில் ஏறியிருக்க மாட்ட."

ஏறியிருக்க மாட்டேன்தான். எங்கள் வீட்டில் திருப்பதியைத் தாண்டிப் போனவர்கள் யாரும் இல்லை. கோபம் வந்தது, அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. தினமும் என் கண் முன்னால் எத்தனையோ பெட்டிகள் கப்பலுக்குப் போகின்றன. மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை நான் வாய்விட்டுப் படித்தது கூட இல்லை. போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தையல் நேராக இருக்கிறதா, பொத்தான் இறுகியிருக்கிறதா, அதோடு என் வேலை முடிந்தது. இவளை அப்படி அனுப்பிவிட்டு இருக்க முடியுமா?

12.41. அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "அடிச்சுத் திருத்துனா ஏத்துக்க மாட்டாங்கம்மா," என்று அலுவலர் பெண் புதுத் தாளை நீட்டினாள். அதனால் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. பிறந்து வளர்ந்தவள் என்றேன். போனதில்லை என்றேன். அங்கே முற்றுப்புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

12.52. பட்டியலில் கீர்த்தனாவின் பெயர் ஏறியது. நாடு என்ற இடத்தில் இந்தியா. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது என்ன படிப்பு என்பது அப்போதும் எனக்குத் தெரியாது.

திரும்பும் பயணத்தில் எழுத எதுவும் இல்லை. அதே பேருந்து, அதே பள்ளம், அதே ரயில். ஆவடியில் அவள் ஒரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

மாலை 4.15. திருமுல்லைவாயில். எங்களைப் பார்த்ததும் நெட் சென்டர் குமார் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, கோவமா கீறியா? சீட்டு இன்னாச்சி?"

"கெடைச்சிது. பாஸ்போர்ட்டுக்கு இன்னா இன்னா வேணும், எழுதிக் குடு. இந்தத் தபா கேட்டுட்டு டிக் அடி."

அவன் நிம்மதியாக உட்கார்ந்து கணினியைத் திறந்தான். "எத்தினி பேருக்குக்கா?"

"ரெண்டு," என்றேன்.

கீர்த்தனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.